பூட்டிய அறையில் மீன்குழம்பு

எனக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது. எழுதி வைப்பேன், அதுவும் கொஞ்சம் கூட்டி எழுதுவேன். அந்தக் கெட்ட பழக்கம் ஒரு தடவை என்னைக் கோர்ட்டு வரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. புதுச்சேரி ஆபீஸ்களுக்குத் திடீரென்று இங்கிலீஷ் தேவைப்பட, உப்பளம் பகுதியில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, மூன்று மெஷினோடு டைப்ரைட்டிங் கிளாஸ் தொடங்கினேன். வீட்டுக்காரர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மதியத் தூக்கம் அவருக்கு உயிர். என் மெஷின்களோ அந்த நேரத்தில்தான் டொக்டொக்கென்று அதிகம் ஓடும். காலி பண்ணு என்றார். பன்னிரண்டு பேருக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் வயிற்றுப்பாடும் அந்த அறையை நம்பித்தான். முடியாது என்றேன்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு நான் தனியாக இருந்தபோது வாசலில் வந்து நின்று, "மானங்கெட்ட மரங்கொத்திப் பயலே, உள்ளயே கெட!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கதவை இழுத்து வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னல் வழியாக, எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாயைக் கூப்பிட்டேன்.

"பயப்படாத வாத்தியாரே, உய்சியேவ கூட்டியாறேன். அவரு பூட்டப் பாத்து எழுதிட்டா உன் கேசு ஜெயிச்ச மாதிரி. ஆனா நாலு மணிக்குத்தான் வருவாரு. அவரும் தூங்கணுமில்ல? அதுவரைக்கும் வெளிய வந்துடாத!"

(உய்சியே என்றால் கோர்ட்டு ஆள். அவர் நேரில் பார்த்து எழுதினால்தான் எங்கள் ஊரில் எதுவும் நடந்ததாக அர்த்தம்.)

உட்கார்ந்தேன். உய்சியே வராவிட்டால்? அறை போனால் பரீட்சை என்ன ஆகும்? வீட்டில் அவளிடம் என்ன சொல்வது?

ஒரு மணிக்கு, வீட்டுப் பக்கம் தாழிட்டிருந்த பின்கதவு மெல்லத் திறந்தது. வீட்டுக்காரரின் மனைவி, கையில் சோறும் மீன்குழம்புமாகத் தட்டோடு நின்றார். "அவரு தூங்குறாரு. சாப்புட்டு இப்படியே போயிடு தம்பி."

சாப்பிட்டேன். போகவில்லை. "அக்கா, கதவச் சாத்தி வெளிய தாழ்ப்பாப் போட்டுடுங்க. உய்சியே வரணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சொன்னபடியே செய்தார்.

பிறகு மூன்றில் ஒன்றான தமிழ் மெஷினில் நடந்ததை எல்லாம் அடித்தேன்: 'ஐந்து மணி நேரம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அடைத்துவைத்து...' (கூட்டி எழுதுவேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.) நாலு மணிக்கு உய்சியே வந்து பூட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, என் காகிதத்தையும் வாங்கிப் போனார்.

திட்டியதற்கு ஒன்று, அடைத்துவைத்ததற்கு ஒன்று என இரண்டு வழக்குப் போட்டேன். கோர்ட்டில் முதலில் திட்டு வழக்கு. துபாஷி பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்ட நீதிபதி, மரங்கொத்தி உங்கள் ஊரில் கெட்ட பறவையா என்று விசாரித்தார். பறவை நல்லதுதான், சொன்ன விதம்தான் கெட்டது என்றேன். பாய் சாட்சிக் கூண்டில் ஏறி, சொல்தா திட்டியதை அதே குரலில், அதே சத்தத்தில் சொல்லிக் காட்டினார். ஆக, இரண்டாவது முறையும் ஊரறியத் திட்டு வாங்கினேன்.

அப்புறம் எதிர்த் தரப்பு வக்கீல் என் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "தண்ணீர்கூட வராத அறைக்குள் இந்த மஞ்சள் கறை எப்படி வந்தது?"

"அது... மெஷின் எண்ணெய்."

வக்கீல் முகர்ந்து பார்த்தார். நீதிபதியும் வாங்கி முகர்ந்தார். அப்போது பின்பெஞ்சிலிருந்து, யாரும் கூப்பிடாமலே, அந்த அக்கா எழுந்தார்.

"தண்ணி கூடக் குடுக்கலன்னா எழுதின, தம்பி? கொழம்ப ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனியே!"

கோர்ட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடம் எனக்குக் கேசு மறந்துபோனது. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

நீதிபதி கேட்டதும் அக்கா கதவுக் கதையையும் சொன்னார். திறந்த கதவைத் தானே சாத்தச் சொன்னவனை யாரும் அடைத்துவைக்கவில்லை என்று அந்த வழக்கு தள்ளுபடி. மரங்கொத்திக்காக மட்டும் சொல்தாவுக்கு ஒரு கண்டிப்பு. அறையைக் காலி செய்து, பாய் கடையின் பின்பக்கம் மெஷின்களைப் போட்டுப் பரீட்சையை ஒப்பேற்றினேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சாப்புட்டியா?"

அன்றிலிருந்து என் மனைவி எனக்குச் சோறு போட்டால் பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைப்பாள். "சாப்புட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கை கழுவுங்க." இப்போது அந்த வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் இன்னும் கறார். இரண்டாம் தரம் குழம்பு வாங்கினால் அதற்குத் தனிக் கையெழுத்து.