சாண்டர் அண்ணனும் நான் எழுதிய கடிதமும்

மலேசியாவின் ஈப்போவில் மெதுவாக நடப்பதற்கு ஒரு போட்டி வைத்தால் சாண்டர் அண்ணனுக்குத்தான் முதல் பரிசு. ஆனால் அவர் மேடைக்கு வந்து சேர்வதற்குள் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

செமோர் பக்கம் நான் சூப்பர்வைசராக இருந்த கையுறைத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். “ஏண்ணே இவ்ளோ மெதுவா நடக்குறீங்க?” என்று யாராவது கேட்டால் போதும், நின்றுவிடுவார். “இதுக்கு இங்கிலீஷ்ல சாண்டர்னு பேரு லா. அவசரம் இல்லாம, கவல இல்லாம, சொகமா நடக்குறது. பஸ்ஸ விட்டுட்டு மெதுவா நடந்தா அது சாண்டர் இல்ல. பஸ்ஸப் பத்தியே நெனைக்கக் கூடாது.” அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் தீயணைப்புப் பயிற்சி. மணி அடித்ததும் அறுநூறு பேர் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினோம். அதிகாரி கடிகாரத்தோடு நிற்கிறார். ஒரு தலை குறைகிறது. நெடுநேரம் கழித்து, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலக் கோப்பியுடன், வழியில் பூத்திருந்த செம்பருத்தியை விசாரித்துக்கொண்டு அண்ணன் வந்தார். தொழிற்சாலை பயிற்சியில் தோற்றது. அவரை வேலையை விட்டே தூக்கிவிட வேண்டும் என்று மேலிடம் குதித்தது. விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கைப்பேசியில் தேடி, மெதுவாக நடப்பதற்கு ‘ட்ரட்ஜ்’ என்று ஒரு சொல்லைப் பிடித்துப் போட்டேன்.

மறுநாள் அந்தக் கடிதம் சிவப்பு மையில் திருத்தப்பட்டு என் மேசைக்கு வந்தது. பின்னாலேயே அண்ணன்.

“ட்ரட்ஜ்னா காலு வலிச்சு, மனசு வெறுத்து, இழுத்துக்கிட்டு நடக்குறது. நான் அப்படியா வந்தேன்?”

“அண்ணே, வேலயே போகப் போவுது!”

“போனா போவட்டும். வெறுத்துப்போய் நடந்தான்னு பேரு வரக்கூடாது.”

விசாரணையில் எச்.ஆர். மேனேஜர் புவனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “நெருப்புன்னா ஓட மாட்டீங்களா?”

“ஓடுவேன் மேடம். ஆனா ட்ரில்னு ஒரு வாரமா நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே. பொய் நெருப்புக்கு எப்படி ஓடுறது?”

நான் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கம்மா ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டினாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள மரத்துக்கு மரம் ஓட்டம். பால் வாளியத் தூக்கிட்டு ஸ்டோருக்கு ஓட்டம். வூட்டுக்கு வந்தா அடுப்புக்கு ஓட்டம். அவங்க சும்மா நடந்து நான் பாத்ததே இல்ல. எங்க வூட்டுல ஒருத்தராச்சும் மெதுவா நடக்க வேணாமா?”

புவனா பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ட்ரட்ஜ்னு நீங்க எழுதினது சரிதானா?”

சரி என்றால் அண்ணனுக்கு வேலை போகும். தப்பு என்றால் கடிதமே செல்லாது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் காற்றில் பறக்கும். என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

“தப்பு மேடம். அவரு வெறுத்து நடந்து நான் பாத்ததே இல்ல.”

கடிதம் குப்பைக்கூடைக்குப் போனது, என் பதவி உயர்வும் கூடவே போனது. வெளியே வந்ததும் அண்ணன் நன்றி எல்லாம் சொல்லவில்லை. “வாங்க, போலாம்” என்றார். இயந்திரம் நின்றுவிட்டது என்று என் இடுப்பில் வாக்கிடாக்கி அலறியது. அதை அணைத்துவிட்டு அவரோடு நடந்தேன். ஸ்டோருக்கு இரண்டு நிமிட வழி. அன்று அரைமணி நேரம் ஆயிற்று, இன்னும் கொஞ்சம் ஆகியிருக்கலாம்.