வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும் மாணவர் குரலும்

மாணவர்களுக்குக் குரல் கொடுத்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அதுவும் மாதக் கடைசிக்குள். கொடுத்ததற்கு ஆதாரமாகப் புகைப்படம் ஏற்ற வேண்டும் என்ற சுற்றறிக்கை இரும்புலியூரில் என் மகன் படிக்கும் பள்ளிக்கு வந்தபோது, தலைமையாசிரியை ஞானசௌந்தரி அதை எழுந்து நின்று படித்தாராம். பிள்ளைகளுக்குத்தான் ஏற்கெனவே குரல் இருக்கிறதே, அதை அடக்கத்தானே சம்பளம் வாங்குகிறோம் என்று ஆசிரியர் அறையில் யாரோ முனகியிருக்கிறார்கள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்.

மாணவர் மன்றத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வைத்தார்கள். என் மகன் ஜெஃப்ரி வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு தருவதாகச் சொல்லி நின்றான். அவன் வகுப்பிலேயே, ஒன்பதாவதில் படிக்கும் ஹெப்சி கொடுத்தது ஒரே வாக்குறுதி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை மீட்டுத் தருவாள். டைம்டேபிளில் அதற்குப் பி.டி. என்று பெயர். வந்து நிற்பவரோ கணக்கு வாத்தியார் சாம்பசிவன். தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஹெப்சி த்ரோபால் டீம் கேப்டன். அடுத்த மாதம் படப்பையில் ஜோனல் மேட்ச். டீம் இருந்தது, பந்து இருந்தது, ஆடத்தான் நேரம் இல்லை. ஜெஃப்ரியே அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டான்.

ஹெப்சிக்குக் குறுக்குப் பட்டை மாட்டி, பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அவள் அப்பா டேனியல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு சிட்லபாக்கத்திலிருந்து வந்து லட்டு கொடுத்தார்.

மாணவர் மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு வேறு பீரியட் காலியில்லாததால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை ஒதுக்கினார்கள். தம்முடைய பீரியடைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த சாம்பசிவனுக்கு நன்றி சொல்லிக் கூட்டம் தொடங்கியது. ஹெப்சி எழுந்து, எங்கள் பி.டி. பீரியட் எங்களுக்கு வேண்டும் என்றாள்.

தலைமையாசிரியை சங்கடப்பட்டார். "ஹெப்சிமா, குரல் குடுங்கன்னுதானே சொன்னோம். கோரிக்கை குடுங்கன்னு சொன்னோமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

"இல்லமா. குரல்னா பாசிட்டிவா இருக்கணும்."

ஆகவே கோரிக்கை பாசிட்டிவ் ஆக்கப்பட்டது. 'விளையாட்டின் மேன்மையை மாணவச் சமுதாயத்திடம் கொண்டு சேர்ப்போம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தை மதித்து விளையாட்டு விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் வரும் கேடுகளைப் பற்றிப் பிள்ளைகள் வாரம் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதினார்கள். த்ரோபாலைக் கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்தார்கள். பி.டி. மாஸ்டர் சேட்டு இதையெல்லாம் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வேலை பார்க்க நேரமில்லை.

படங்களைப் பார்த்து மகிழ்ந்துபோன மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தார். உன் குரல் கேட்கப்படுகிறதா என்று ஹெப்சியிடம் கேட்டார். நன்றாகக் கேட்கப்படுகிறது என்ற பதிலைத் தலைமையாசிரியை முன்பே மனப்பாடம் பண்ண வைத்திருந்தார்.

"நல்லா கேக்கறாங்க சார்," என்றாள் ஹெப்சி. "பி.டி. பீரியட் மட்டும் தர மாட்டேங்கறாங்க."

ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். அதிகாரிக்கோ பரம சந்தோஷம், இப்படிப்பட்ட துணிச்சலான பதில் ஒன்று அவருடைய அறிக்கைக்குத் தேவைப்பட்டது. பி.டி. பீரியடில் பி.டி.தான் நடக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். பந்தை வெளியே எடுக்கச் சொல்லி ஹெப்சி கையில் கொடுத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிஜமாகவே ஆடினார்கள். ஜெஃப்ரியைக் கூட்டிப்போக வந்த நான் கேட்டுக்கு வெளியே நின்று அந்தக் கூச்சலைக் கேட்டேன். மனசு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

அன்று ராத்திரியே பெற்றோர் வாட்ஸப் குரூப் கொதித்தது. போர்ஷன் யார் முடிப்பது, மார்க் போனால் யார் பொறுப்பு என்று கேள்விகள். கணக்கு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு மனு தயாரானது. முதல் கையெழுத்து டேனியல். இரண்டாவது நான். ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா?

ஹெப்சி வீட்டில் கேட்டிருக்கிறாள்.

"நீங்களுமாப்பா?"

"லீடரா இரு கண்ணு, யாரு வேணாங்கறா? பந்தெல்லாம் எதுக்கு? அடுத்த வருஷம் டென்த்."

ஒரு சிக்கல் வந்தது. அதிகாரியின் உத்தரவை மாற்றத் தலைமையாசிரியைக்கு அதிகாரம் கிடையாது. மாணவர்கள் கேட்டு வாங்கிய பீரியடை மாணவர்களாகவே திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு. எனவே சாம்பசிவன் ஒரு தீர்மானம் எழுதினார், டேனியல் பிழை திருத்தினார், திங்கட்கிழமை பிரேயரில் ஹெப்சி பட்டையோடு மைக் முன்னால் நின்றாள்.

"எங்கள் எதிர்கால நலன் கருதி, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கணிதத்துக்கே வழங்குமாறு மாணவர் மன்றம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது. போதிய பயிற்சி இல்லாததால் நம் பள்ளி படப்பைப் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறது."

ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. தலைமைப் பண்பு முழுமை பெற்றுவிட்டதாகக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

டேனியல் அதை வீடியோ எடுத்து, 'என் மகளின் குரல்' என்று எழுதிக் குரூப்பில் போட்டார். நாங்கள் அத்தனை பேரும் உடனே கைதட்டல் போட்டோம். ஆபீஸ் நேரம் அல்லவா, ம்யூட்டில் வைத்துத்தான் பார்த்தோம்.