குழுவை விட்டு வெளியேறிய மாமா

அன்புத் தங்கை மகள் டாக்டர் ரிஹாபுக்கு,

ஜோர்டான், சால்ட் நகரிலிருந்து மாமா முஃப்லிஹ் சலாம் சொல்லி எழுதுவது. இறையருளால் நானும் உன் மாமியும் ஆறு கோழிகளும் சுகம். கோழிகளின் சுகத்துக்கு நானே பொறுப்பு.

போனைக் கையிலிருந்து விட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், இரத்த அழுத்தமும் இறங்கும் என்றாய். வேறொருவன் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பான். நான் யார்? ஒரே தட்டில் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டே வெளியேறினேன். அன்று போட்ட குறட்டையைக் கேட்டு, எதிர்மலைக்காரர்கள் நான் ஜெனரேட்டர் வாங்கிவிட்டதாகப் பொறாமைப்பட்டார்களாம்.

ஆனால் குழுவில் ஒரே கலவரம். யார் என்னை அவமானப்படுத்தியது என்று ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெரியப்பா மகன் தியாப் தலைமையில் நாற்பது பேர் அங்கி போட்டுக்கொண்டு சமாதானம் பேச வந்தார்கள். (உன் மாமி ஒன்பது பேர் என்பாள். அவளுக்கு எண்ண வராது.) காபி ஊற்றினேன். ஒருவரும் தொடாமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் காபி ஆறிப்போனால் அந்த வீட்டின் மானம் என்னாகும் என்று உனக்கே தெரியும்.

"நீ குழுவுக்குத் திரும்புற வரைக்கும் இந்தக் காபி எங்க நாக்குல படாது" என்றார் தியாப்.

"அண்ணே, யார் மேலயும் கோபமில்ல. தூக்கத்துக்காகத்தான் போனேன்."

"தூங்குறதுக்கு எதுக்குடா வெளிய போற? நாங்கல்லாம் உள்ளயே தூங்கலையா?"

"என் ரோஜாப்பூ படத்துக்கு இவரு இதயம் போடாதப்பவே எனக்குத் தெரியும்" என்றான் மச்சான் ஹைஸம்.

உள்ளேயிருந்து மாமி, "சட்டுனு சமாதானமாகித் தொலைங்க! ஏலக்காய் போட்ட காபி, ஆறுது!" என்றாள்.

ஒரு பக்கம் என் தூக்கம், மறுபக்கம் வீட்டு மானம். பேரரசன்போல யோசித்து ஒரு நிபந்தனை விதித்தேன்: இரவு இஷா தொழுகைக்குப் பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. தியாப் மீசைமேல் சத்தியம் செய்தார். நாற்பது கோப்பையும் ஒரே மடக்கில் காலி. திரும்பிவிட்டேன். இப்போது குழந்தைபோலத் தூங்குகிறேன். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருந்துக்கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார்.

உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

உன் மாமா,
முஃப்லிஹ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழ். எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து முதலில் ஹைஸம் வெளியேறினான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும், தியாப் உட்பட. அவரவர் வீட்டில் காபி கொதிக்கவைத்துக் காத்திருக்கிறார்கள். சமாதானம் பேசப் போகத்தான் ஆளில்லை. குழுவில் இப்போது நான் ஒருவன்தான். தொந்தரவு செய்ய ஒரு ஜீவன் கிடையாது. கண்ணே மூட மாட்டேன் என்கிறது, ரிஹாப். ஏதாவது மாத்திரை எழுதி அனுப்பு.