திடீருக்கு முன்னனுமதி

பணியாளர் பதிவேடுகளைக் காத்து வரும் அலுவலகம் ஒன்றுக்கு, கோப்புகளைச் சேமிக்கும் புதுக் கணினி வட்டு வந்து சேர்ந்தது. மண்டல வட்டு என்று பெயர். அதன் ஒவ்வொரு மண்டலத்திலும் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் எழுத முடியும். நடுவில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமா, இருப்பதையெல்லாம் வேறு மண்டலத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை முழுசாகத் துடைக்க வேண்டும். வரிசை தவறினால் வாங்காது. திருத்தம் கேட்டால் முதலிலிருந்து வரச் சொல்லும். அலுவலகத்தார் அதைப் பார்த்ததும் தங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பார்த்ததுபோல் பூரித்துப்போனார்கள்.

சோதிக்கும் பொறுப்பு சோதனைக்காரியிடம் விடப்பட்டது. இரண்டு வருஷமாக அவள் தற்காலிகம். வட்டு தேறினால் பணி நிரந்தரம் என்று வாய்வார்த்தை கொடுத்திருந்தார்கள். அவள் இருப்பதோ அண்ணன் வீட்டில். "நிரந்தரம் எப்போம்மா?" என்று அண்ணி தினமும் கேட்பது வேலையைப் பற்றி மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

வட்டில் ஒரு கோளாறு இருந்தது. நகல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால், கோப்புகளை அடுக்கிவைக்கும் மென்பொருள் மயங்கி விழும். எழுந்ததும், நகல் முடியவில்லை என்பதை மறந்து பழைய மண்டலத்தைத் துடைத்துவிடும். இரண்டு முறை சரிசெய்தார்கள். கோணியில் கட்டிக் கொண்டுபோய் விட்ட பூனை மாதிரி இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஆகவே அவள் ஒரு மீள்சோதனை எழுதினாள்: நகல் நடக்கும்போது திடீரென மின்சாரத்தைப் பிடுங்கு, மறுபடி கொடு, கோப்பெல்லாம் இருக்கிறதா என்று எண்ணு.

மற்ற நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தேறித் திரையில் பச்சை காட்டின. இது ஒன்று சிவப்பு.

அந்த வருஷம் எல்லா அலுவலகங்களிலும் சோதனை முடிவுகளை முழுப் பச்சையாகக் காட்டும் திரையை வரவேற்பறையில் மாட்டுவதுதான் மோஸ்தர். கண்காணிப்பாளர் சிவப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, கல்யாண வீட்டுல ஒப்பாரி மாதிரி?"

"வட்டு தோத்துப்போச்சு சார்."

"வட்டு எங்கம்மா தோத்துது? உன் சோதனைதானே தோத்துது? மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கே, இதுக்கு மட்டும் என்ன கேடு?"

"கரண்ட் போனா பதிவேடு அழிஞ்சுடும் சார். அதைத்தான் சொல்லுது."

"எப்போ போகுது கரண்ட்?"

"திடீர்னு போகும்."

அவர் படிவத்தை எடுத்து, 'நிகழ்வின் நாள், நேரம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"திடீர்னு எத்தனை மணிக்கு?"

"தெரியாது சார். அதனாலதான் அது திடீர்."

"கட்டம் காலியா இருந்தா அப்படி ஒரு நிகழ்வே கிடையாதும்மா. நடக்காத ஒண்ணுக்கு வட்டு எப்படிப் பொறுப்பாகும்?"

மூன்று கூட்டங்கள் கூடின. முதல் கூட்டம் மின்தடைக்குத் தடை விதிப்பது பற்றி ஆராய்ந்து, அது தங்கள் வரம்புக்குள் வராது என்று வருத்தத்துடன் கைவிட்டது. இரண்டாவது கூட்டத்தில் தேநீர் நன்றாக இருந்தது. மூன்றாவதில் இயக்குநரே எழுந்தருளி ஆணையிட்டார்: "திடீர் நிகழ்வுகள் அனைத்தும் பதினைந்து நாள் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு தெரிவிக்கப்படாதவை திடீர் நிகழ்வுகளாகக் கருதப்பட மாட்டா."

இதன்படி சோதனையிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். பிடுங்குவதற்கு முன் வட்டிடம் சொல்ல வேண்டும். அது கைவேலையை முடித்துச் 'சரி' என்ற பிறகே பிடுங்க வேண்டும்.

"திருடன் வர்ற நேரத்தைக் கேட்டுக்கிட்டு நாயை அவிழ்த்து விடற மாதிரி இருக்கு சார்," என்றாள் கண்காணிப்பாளரிடம்.

"உன் நிரந்தர ஆணை தட்டச்சாகி மேசையில கெடக்கு. கையெழுத்துதான் பாக்கி."

அவள் அந்த வரியைச் சேர்த்தாள். சோதனை பச்சையானது, கையெழுத்தும் விழுந்தது.

அடுத்து, நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவள் பெயரை ஏற்ற வேண்டும். அகர வரிசையில் அது நடுவில் வந்தது. நடுவில் எழுத மண்டலத்தையே நகலெடுக்க வேண்டுமல்லவா? எடுத்தார்கள். நகல் பாதியில் இருக்கும்போது, எவருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்காமல், மின்சாரம் போயிற்று.

திரும்ப வந்தபோது பட்டியலில் இயக்குநர் முதல் காவலாளி வரை ஒரு பெயர்கூட இல்லை.

"ஐயையோ, முப்பது வருஷ சர்வீஸ்!" கண்காணிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "திடீர்னு போயிடுச்சேம்மா!"

"திடீர்னு சொல்லாதீங்க சார். யாரும் முன்கூட்டியே தெரிவிக்கலை." போனதில் அவள் பெயரும் இருந்தது.

தற்காலிகப் பணியாளர் பட்டியல் மட்டும் வேறு மண்டலத்தில் பத்திரமாக இருந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பெயர், இன்னும் நீக்கப்படாத அவளுடையது. பதிவில் இருப்பவரே பொறுப்பு அதிகாரி என்கிறது விதி. இயக்குநர் தற்காலிக வேலைக்கு விண்ணப்பம் எழுதி, அவள் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

விபத்து அறிக்கையையும் அவள்தான் எழுத வேண்டும். சோதனையில் சேர்த்த அந்த ஒரு வரியைச் சொன்னால் அதைச் சேர்த்தது யார் என்ற கேள்வி வரும். ஆகவே, 'மின்சாரம் முன்னனுமதியின்றி விடுப்பில் சென்றதே காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் வாசலில் வழக்கம்போல் பொதுமக்கள் வரிசை நின்றது. உள்ளே எல்லோரும் வந்திருந்தாலும் சட்டப்படி ஒரே ஓர் ஊழியர்தான். பதினொன்றரைக்கு ஜன்னல் திறந்தது, ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள், நாளைக்கு வரச் சொன்னார்கள். வரிசையில் ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்கும் இரண்டு மூன்று நாளில் அதிகாரி வேலை பழகிவிட்டது.