ஆமைக்குச் செய்த சேவை

ஒரு காட்டில், வேறெங்கும் இடம் கிடைக்காததால், மௌன வழிபாட்டுக்குப் பேர்போன குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முறையில் ஒரு சின்னப் பள்ளி இருந்தது. கடல் தாண்டி வந்த கூழைக்கடா ஒன்று அதை நடத்தியது. மணி கிடையாது, பிரம்பு கிடையாது, "சார்" கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் நண்பர். காலையில் நாவல் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து சொல் எழுகிறதோ அவர் மட்டும் பேசலாம். எதற்கும் ஓட்டெடுப்பு இல்லை. பள்ளியைச் சேர்ந்த ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் காரியம் அப்படியே நின்றுவிடும். அதனால் பள்ளிக்கு இன்னும் கூரை வரவில்லை.

பாடங்களும் கொஞ்சம்தான். ஆசிரியருக்கு எது தெரியுமோ அதுவே பாடம். எலி வளை தோண்டக் கற்பித்தது. தூக்கணாங்குருவி நெசவு எடுத்தது. கணக்கு எடுத்த ஆந்தை பெரிய காட்டில் பெரிய பள்ளிக்குப் போய்விட்டது. மாணவர் யாரும் அழவில்லை. கட்டாயப் பாடம் ஒன்றே ஒன்று: சேவைவழிக் கல்வி. எளியவர் ஒருவருக்குத் தொண்டு செய்யாமல் யாரும் தேற முடியாது.

அந்தக் காட்டில் எளியவர் என்று தேடியபோது ஓர் ஆமைதான் அகப்பட்டது.

ஆமை அப்போது அவசரத்தில் இருந்தது. அதன் குட்டை வற்றிக்கொண்டிருந்தது. கோடை முற்றுவதற்குள் மேற்கே உள்ள ஆற்றுக்குப் போய்ச் சேராவிட்டால் பிழைக்க முடியாது. கல்லும் முள்ளும் கடந்து பாதி வழி வந்திருந்தபோது பள்ளி மாணவர்களான மந்தியும் அணிலும் எதிர்ப்பட்டன.

"ஐயோ தாத்தா, இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க?" என்றது மந்தி.

"யாரு தாத்தா? எனக்கு நாற்பதுதான். எங்க குலத்துல இந்த வயசுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டாங்க. வழியை விடு."

"கோபப்படறார் பாரு. எல்லாம் தனிமை," என்றது அணில். மணல் சுமந்த பரம்பரை அது. முதுகில் அத்தாட்சியும் உண்டு.

மந்தி தூக்கியது, அணில் வழிகாட்டியது. பத்திரமாகக் கொண்டுபோய்க் குட்டைக் கரையிலேயே விட்டன. "வீடு வந்தாச்சு தாத்தா!"

ஆமை மறுபடி கிளம்பியது. மறுபடி யாராவது வந்தார்கள். காட்டுப்பன்றி முட்டித் தள்ளிக்கொண்டே வந்து வீடு சேர்த்தது. முள்ளம்பன்றி கட்டி அணைத்து ஆறுதல் சொன்னது.

குட்டை சேறாயிற்று. ஆமை நேராக நாவல் மரத்தடிக்கே போனது.

"நண்பர்களே, எனக்கு உதவி வேண்டாம். ஆற்றுக்குப் போக விடுங்கள், போதும்."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் பேசினால், அந்தச் சொல் உள்ளே இறங்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஒரு நாவல்பழம் விழுந்தது. நிழல் மெல்ல விலகி, ஆமையின் மேல் வெயில் ஏறியது. கடைசியில் மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"எனக்கு மனசை என்னவோ செய்யுது."

திரும்பவும் மௌனம்.

"இதுவே ஒரு பாடம்," என்றது கூழைக்கடா. "அடுத்த பருவத்திலிருந்து 'ஆமைக்குச் செவிசாய்த்தல்' என்று வைத்துவிடலாம். ஆமை நண்பர் தினமும் இங்கே இருப்பார்."

"எனக்குச் சம்மதமில்லை!"

"வருத்தம்தான். ஆனால் நண்பர் நம் பள்ளியைச் சேர்ந்தவர் இல்லையே."

"அப்படியானால் என்னைச் சேர்த்துக்கொள்."

புது மாணவர் கிடைப்பது அரிது என்பதால் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த கையோடு ஆமை மறுத்தது, பாடம் நின்றது. மாணவருக்குச் செய்வது சேவை ஆகாது என்பதால், அதன் பிறகு அதை யாரும் தூக்கவும் வரவில்லை. ஆமை மேற்கே திரும்பியது. கூழைக்கடா அலகை நீட்டி மறித்தது.

"சேவையை முடிக்காமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது நண்பரே."

ஆமை சுற்றுமுற்றும் பார்த்தது. பூவரச இலை ஒன்றை நிதானமாகத் தின்றுகொண்டிருந்த நத்தை கண்ணில் பட்டது.

"வா, உன்னை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன்."

"ஆத்துல எனக்கென்னய்யா வேலை? சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், தெரியலையா?"

"தெரிகிறது," என்றது ஆமை. அதன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மந்தியைக் கூப்பிட்டு, நத்தையைத் தன் முதுகில் ஏற்றிவைக்கச் சொன்னது.

வழியெல்லாம் விலங்குகள் ஒதுங்கி நின்றன. காட்டுப்பன்றி பாதையில் கிடந்த கல்லை உருட்டித் தள்ளியது. "இறக்கி விடுய்யா!" என்று நத்தை கத்திக்கொண்டே வந்தது. நத்தையின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

ஆறு வந்தது. ஆமை கரைமணலில் நத்தையை இறக்கியது.

"இங்கேருந்து நான் எப்படிய்யா திரும்பிப் போவேன்?"

பதில் சொல்லலாம் என்றுதான் ஆமை நினைத்தது. ஆனால் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

"சேவையில் என்ன கற்றீர்கள் நண்பரே?" என்று மேலே பறந்தபடி கேட்டது கூழைக்கடா.

"நத்தைக்குக் கனமே இல்லை," என்று சொல்லிவிட்டு ஆமை முழுகியது.

நீதி: வழி விடுங்கள் என்று கெஞ்சினால் யாரும் விடமாட்டார்கள், போகிற போக்கில் யாரையாவது காப்பாற்றிக்கொண்டு போ.