ஐவி எடுத்த பாதி

சாந்தோம் ராஜநாயகம் அந்த வாரம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் அளவு சொல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பாவம், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்திருக்கலாம். யார் கேட்கிறார்கள்?

அவருடைய அலுப்புக்கெல்லாம் காரணம் ‘நாம’ என்கிற ஒரு சொல். “நாம ஒட்டடை அடிக்கணும்” என்பாள் மனைவி ஐவி. அடிப்பது ராஜநாயகம். சிலிண்டர் மாற்றுவதும் நாம, தண்ணீர் கேன் தூக்குவதும் நாம. ரிட்டயரான நாலு வருஷத்தில் இந்த நாம அவர் முதுகை ஒடித்துவிட்டது. ஐவி முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். நாம போட்டே ஒரு பள்ளிக்கூடத்தை வேலை வாங்கியவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்?

இந்த வெறுப்பில்தான் மனுஷன் லோஜ்பான் படிக்கப் போனார். அது யாருக்கும் தாய்மொழி இல்லை. பேச்சில் குழப்பமே வரக்கூடாதென்று சில பேர் உட்கார்ந்து செய்த மொழி. அதில் எண்ணோடு ‘மேய்’ சேர்த்தால் அத்தனை பேர் கொண்ட கூட்டம். ‘சிஹே’ சேர்த்தால் அத்தனை பங்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஏழு பேர் கம்ப்யூட்டரில் கூடுவார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பொருள் வாங்கினால், வாங்கியது கூட்டமா, இல்லை ஆளுக்குக் கால் பங்கா என்று அடித்துக்கொள்வார்கள். மூன்று வருஷமாக முடியவில்லை. இந்த சனிக்கிழமைதான் முதல்முறையாக ராஜநாயகத்தை அரைமணி பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் அவர் பேச்சை முழுசாகக் கேட்க நாதியில்லை. அந்த அரைமணி நேரம் அவருக்கு உயிர். இரண்டு மாதமாக பாத்ரூமில் சத்தம் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் வீட்டில் அன்பியக் கூட்டம் வந்து விழுந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வது வழக்கம். இருபத்தைந்து பேருக்கு வடை, டீ, நாற்காலி. நாம பார்த்துக்கலாம் என்று ஐவி வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

ராஜநாயகம் கையை உயர்த்தினார். “நாம கீமெல்லாம் வேணாம் ஐவி. வேலைய ரெண்டா பிரிப்போம். ஆளுக்கு பிமு சிஹே. அரைப் பங்கு.”

“சரிங்க. மீன் கூறு மாதிரியே பண்ணிடலாம். நீங்க கூறு போடுங்க, நான் எடுத்துக்கறேன்.”

அது ஐவியும் தெருவில் மூன்று பெண்களும் வைத்திருக்கும் சட்டம். பட்டினப்பாக்கத்தில் மீன்காரி தங்கபுஷ்பத்திடம் ஒரு முழு வஞ்சிரம் வாங்குவார்கள். கூறு போடுகிறவள் கடைசியாகத்தான் எடுக்கவேண்டும்.

ராஜநாயகத்துக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஐவியின் சமையலறையில் அவர் ஒருமுறை உப்பு ஜாடியை இடம் மாற்றிவிட்டு, இரண்டு வருஷமாக அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோட்டையை அவள் விடுவாளா? காகிதம் எடுத்து எழுதினார். முதல் கூறு சமையலறை, உளுந்து ஊறப்போடுவதிலிருந்து கடைசி டம்ளர் கழுவுவது வரை. இரண்டாவது கூறு ஹால். பெருக்குவது, நாற்காலி போடுவது. கம்ப்யூட்டரை அவள் நகர்த்திவிடக் கூடாதே என்று ‘ஹாலிலுள்ள சகல பொருள்களின் பொறுப்பும்’ என்று ஒரு வரியையும் சேர்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பேனாவால் கெட்டார்.

ஐவி கண்ணாடி போட்டுப் படித்தாள். “எனக்கு ஹால்.”

“ஐவி, அது உன் கிச்சன்.”

“முப்பத்தொரு வருஷமா நீங்கதான் அதை என் கிச்சன்னு சொல்றீங்க. நான் எப்ப சொன்னேன்? எனக்கு அலுத்துப்போச்சுங்க. ஒருநாள் ஹால்ல உக்காரணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ராஜநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. நாலு மணிக்குள் வடை முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை ஐவி அரைமணியில் ஹாலை முடித்துவிட்டாள். நாலு மணிக்கு ராஜநாயகம் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார். அவர் தட்டிய வடைகளில் ஒன்றுக்கும் ஓட்டை விழவில்லை. கம்ப்யூட்டர் கூப்பிட்டது. ஓடிவந்து பார்த்தால் நாற்காலியில் ஐவி உட்கார்ந்திருக்கிறாள்.

“சகல பொருளும் என் பொறுப்புன்னு நீங்கதானே எழுதினீங்க? போங்க, எண்ணெய் காயுது.”

சமையலறைக்குத் திரும்பி, உளுந்து மாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐவி டீச்சர் இங்கிலீஷில் நிதானமாகத் தொடங்கினாள். பாத்ரூம் கதவு வழியாக இரண்டு மாதம் கேட்டவளுக்குச் சங்கதி தெரியாதா? நாலு பெண்கள் சேர்ந்து ஒரு மீன் வாங்கும்போது நாங்கள் கூட்டம், அறுத்தபிறகு ஆளுக்குப் பங்கு என்றாள். ஆனால் தலை ஒன்றுதான். தலையை நாலாக வெட்டினால் குழம்புக்கு ஆகாது. அதனால் தலை மட்டும் வாரத்துக்கு ஒருத்தி முறை. உங்கள் மொழியில் கூட்டத்துக்குச் சொல் இருக்கிறது, பங்குக்குச் சொல் இருக்கிறது, தலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

முதலில் ஒரு பின்லாந்துக்காரர் கைதட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். ராஜநாயகத்தின் பேச்சில் பதினேழு உதாரணங்கள் இருந்தன, ஒன்றில்கூட மீன் இல்லை. அவள் சொன்னது நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியதுதான் தாங்கமுடியவில்லை.

அன்பியக் கூட்டத்துக்கு ஆட்கள் வரும் முன்பே லோஜ்பான்காரர்களிடமிருந்து அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் வந்துவிட்டது. இனிச் சனிக்கிழமைதோறும் ஐவி அம்மையார் பேசுவார். தாங்களும் கலந்துகொள்ளலாம், வடை பொரியும் சத்தம் கேட்காதபடி சமையலறைக் கதவை மட்டும் சாத்திக்கொள்ளவும்.