குடைகள் குடியிருந்த தொட்டி

முடியவே முடியாது என்ற வீட்டு உரிமையாளரை வென்றவர், சோபாவை எங்கே போடுவது என்ற மனைவியின் கேள்வியை வென்றவர், குடிக்கவே தண்ணீர் ஏறாத மூன்றாவது மாடியில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சின்னக் கடலையே வென்றெடுத்தவர். இந்த இனத்துக்குக் கடல்மீன் வைத்தியர் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவரைப் பற்றிப் பெருமை பேச வீட்டிலேயே ஓர் அக்கா உண்டு. எட்டாவது வரை படித்த தையல்காரி. தையலில் ஒரு குத்து தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

எந்த மீனுக்குச் சீக்கிரம் ஒட்டுண்ணி வரும் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அவரே சொல்வார்.

"நீலக் கத்திவால் மீனுதாங்க முதல் நோயாளி. வெள்ளைப்புள்ளி நோய் அதுமேலதான் வந்து உக்காரும். எந்த மீன் வாங்கினாலும் நாலு வாரம் தனித்தொட்டி! நோய் இல்லன்னு தெரிஞ்சாதான் பெரிய தொட்டி!"

மீன் சங்கத்தார் பதினெட்டுப் பேரிடமும் இதை உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்து வாங்கிய நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. அவருடைய தனித்தொட்டி? அதில் குடைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமையே நீலக் கத்திவால் ஒன்று வந்து சேர்ந்தது.

"குடைய எடுத்துட்டு அதுல விடேன்டா தம்பி."

"ஆரோக்கியமான மீன்க்கா. பாத்தாலே தெரியல?"

நேராகப் பெரிய தொட்டிக்குள் விட்டார். ஞாயிறன்று விருந்தாளிகள் வாய் பிளந்தார்கள். புதன்கிழமை அக்கா கண்ணாடியருகே குனிந்தாள்.

"வால்ல பதினோரு புள்ளி இருக்கு."

"உப்புத் தூள்க்கா."

"நேத்து மூணுதான் இருந்துச்சு. உப்பு குட்டி போடுமா?"

தீனியில் பூண்டுச் சாறு கலந்தார். இரண்டு நாளில் புள்ளிகள் மறைந்தன. உடனே பதினெட்டுப் பேருக்கும் தொலைபேசியில் வெற்றிச் செய்தி போயிற்று. புள்ளிகளாய் இருந்த ஒட்டுண்ணிகளோ உதிர்ந்து மணலுக்குள் போய்ப் பெருகிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் நீல மீன் மாவில் புரட்டியதுபோல் மூலையில் மூச்சிரைத்தது. ஆறு வருடமாக அக்காவின் விரலைக் கண்டதும் ஓடிவரும் கோமாளி மீன் ஜோடியின் மேலும் இரண்டு புள்ளிகள்.

 அக்கா குடைகளை எடுத்து வெளியே போட்டாள். தொட்டியைக் கழுவினாள், தம்பி உப்புத் தண்ணீர் கலந்தார், மருந்து அளந்தார், மீன்களை மாற்றினார். நீல மீன் மறுநாள் செத்தது. ஒரு மாதம் கழித்து, ஜோடி மறுபடி விரலைத் தேடி வந்தது.

அன்றைக்குத் தம்பி நோட்டை எடுத்தார்.

"மேல என் கையெழுத்துக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன்க்கா. ரெண்டு வருஷம் முந்தின தேதியப் போட்டுடறேன், சங்கத்துல ஒரு மரியாதையா இருக்கும்."

"கீழ போடு. பத்தொன்பதாவது ஆளா, இன்னைக்குத் தேதியில."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே, ஊருக்கு நீங்கள் சொல்லும் விதி எது, உங்கள் தனித்தொட்டியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். நம்மவர் கடைசி வரியில் உண்மையான தேதியோடு போட்ட கையெழுத்தை அக்கா பெருமையோடு எல்லோருக்கும் காட்டுகிறாள்: ஆகஸ்ட் பத்தொன்பது.